அதே எண், அதே இடமா?

மொபைல்ல மேப்ஸைத் திறந்து, காயல்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே விரலை இழுத்துப் பாருங்க. நூறு கிலோமீட்டர் வாக்கில் இந்திய–இலங்கை எல்லைக்கோடு வரும். கொழும்போட எங்க ஊருக்குத் தலைமுறைத் தொடர்பு. ஆனா நடுவில் இருக்கிற கோட்டை எப்படிப் போட்டாங்கன்னு ஜிஐஎஸ் எலெக்டிவ் எடுக்கிற வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை.

மன்னார் வளைகுடாவில் அது 13 புள்ளிகள். 1976 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம். இன்னைக்கு ஜிபிஎஸ் பேசுற டபிள்யூஜிஎஸ் 84 அப்போ பிறக்கவே இல்லை. இந்திய வரைபடங்களுக்கு மூலம் மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர்; இலங்கைக்கு நீர்கொழும்பு பக்கத்துக் கண்டவலை. ரெண்டுமே எவரெஸ்ட் நீள்வட்டம்தான், தொடக்கம்தான் வேற. நம்ம பழைய டேட்டத்தில் எழுதின அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டா, இடம் நூறு மீட்டருக்கு மேல தள்ளிப்போகும். (பிஆர்ஜே ஃபைல் இல்லாம ஷேப்ஃபைல் அனுப்பி லேப்ல திட்டு வாங்கினவங்களுக்குப் புரியும்.)

படகுகள் பிடிபடுறதுக்கெல்லாம் டேட்டம்தான் காரணம்னு கதை விட மாட்டேன். மீன் இருக்கிற இடம் தேடி, தெரிஞ்சே தாண்டுறவங்களும் உண்டு. ஆனா தூத்துக்குடி விசைப்படகுக்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கம்னு நம்பி நிக்கும்போது, எதிரே வர்ற ரோந்துக் கப்பலோட திரையிலும் கோடு அதே இடத்தில் இருக்கணும் இல்லையா?

கடல் எல்லைகளுக்குன்னே சர்வதேச நீரளவியல் அமைப்பு எஸ்-121னு ஒரு பொது விவரக்குறிப்பு வச்சிருக்கு. ரெண்டு நாடும் அதில் உறுப்பினர்கள். சேர்ந்து உட்கார்ந்து அந்த 13 புள்ளிகளையும் டேட்டம் பேரோட ஒரே ஃபைலா, படகு ஜிபிஎஸ்ஸில் நேரா ஏத்துற மாதிரி, தமிழிலும் சிங்களத்திலும் குடுக்கட்டும். இதுக்காக யாரும் ஒரு சாண் கடலைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.