மூக்கைத் தூக்கினால் ஏறிவிடுமா?

போன சனிக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். சின்ன விமானத்தில் பயிற்சி முடித்து, இப்போது ஜெட் வகுப்பில் இருக்கிறான். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவன் புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“மேல ஏறுறதுக்கு ரெண்டு வேகம் இருக்குக்கா. அதான் குழப்புது.”

வானொலியில் நேயர்களுக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் புரியும். அதனால் பத்துமலையை எடுத்துக்கொண்டோம். ஒருவர் 272 படிகளில் நிதானமாக ஏறுகிறார். பக்கத்தில் ஒரு சாய்வான சாலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் இன்னொருவர் ஓடி ஏறுகிறார். இருவரும் பத்து மீட்டர் முன்னால் போனதும் பார்த்தால், படிக்காரர்தான் உயரத்தில். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், ஓடியவர் அவரைத் தாண்டியிருக்கலாம்.

விமானத்துக்கும் இதே கணக்கு. எதிரே மலை இருந்தால் குறைந்த தூரத்தில் அதிக உயரம் வேண்டும். அது முதல் வேகம். குறைந்த நேரத்தில் அதிக உயரம் வேண்டுமென்றால் இரண்டாவது. இது முதல் வேகத்தைவிடக் கூடுதல். (பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இதையும்விட வேகமாகத்தான் ஏறும். நேரமும் எரிபொருளும் காசாயிற்றே!)

“இதுதான் புரியுதே, அப்புறம் என்ன?”

அவனுடைய சிக்கல் கைப்பழக்கம். புரொப்பெல்லர் விமானத்தில் வேகம் கூடக்கூட உந்துவிசை குறையும். அதனால் செங்குத்தாக ஏற மெதுவாகப் பறக்க வேண்டும். ஜெட்டில் உந்துவிசை வேகத்தோடு அவ்வளவாக மாறாது. காற்றின் இழுவை எந்த வேகத்தில் மிகக் குறைவோ, அங்கேதான் விசை அதிகம் மிச்சமாகும், அங்கேதான் செங்குத்தாக ஏறும். அதற்குக் கீழே வேகம் போனால் இழுவை கூடிவிடும். மூக்கைத் தூக்கத் தூக்க ஏற்றம் குறையும்.

“குறைஞ்சா என்ன, மெதுவா ஏறுது” என்றேன். அவன் ஒரு விபத்தைச் சொன்னான்.

2004 அக்டோபர் 14, அமெரிக்கா. பயணிகள் இல்லாத ஒரு சிஆர்ஜே-200 விமானம், இரண்டே விமானிகள். அந்த விமானத்தின் உச்ச வரம்பான 41,000 அடியைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு ஆசை. நிமிடத்துக்கு 500 அடி ஏறும்படி தானியங்கிக்குக் கட்டளை கொடுத்தார்கள். அது சொன்னதைச் செய்தது. 500 அடியைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது, அதற்கான விலையை வேகத்தில் கொடுத்தது. மெல்லிய காற்றில் என்ஜினுக்கும் அதிகம் மிச்சமில்லை. அந்த உயரங்களில் இரண்டு ஏறு வேகங்களும் நெருங்கி வந்துவிடும், இனி ஏறவே முடியாத உயரத்தில் ஒன்றாகிவிடும். உச்சியைத் தொட்டபோது வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இறக்கைகள் தாங்கவில்லை, இரண்டு என்ஜின்களும் அணைந்தன, திரும்ப உயிர்பெறவில்லை. மிசூரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டியில் விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

“உயரம் ஏறிக்கிட்டே இருந்துச்சுக்கா. அந்த முள்ளைப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்” என்றான்.

புதன்கிழமை அவனுக்குச் சிமுலேட்டர் சோதனை. அம்மா திருநீறு மடித்துக் கொடுத்தார். நான் கோப்பியை மறுபடி சூடாக்கினேன்.