டர்போவைப் பின்னால் வைக்கலாமா?



என் தாய்மாமா பட்டறை வைத்திருக்கிறார். போன மாதம் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பழைய பெட்ரோல் காரோடு வந்தார். அமெரிக்காவில் சில பேர் செய்வது போல, பின்னாடி சைலன்சர் இருக்கிற இடத்தில் டர்போ மாட்டித் தரச் சொன்னார். இஞ்சின் பக்கத்தில் இடம் இல்லையாம். சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தார்.

டர்போ என்றால் என்ன? இஞ்சின் வெளியே விடும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும், சக்தி கூடும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாகப் போகிற புகையையே வேலை வாங்கிவிட்டார் பாருங்கள்!

பின்னால் வைப்பதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பானெட்டுக்குள் சூடு குறையும். அமுக்கிய காற்றும் நீளக் குழாயில் வரும்போது கொஞ்சம் ஆறும். ஆனால் புகையும் ஆறிப்போகுமே! ஆறின புகைக்குச் சக்கரத்தைச் சுற்றும் பலம் குறைவு. மிதித்தவுடனே வண்டி இழுக்காது.

இன்னொன்று. டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதற்கு ஆயில் போய்த் திரும்பி வரணும். முன்னால் உயரத்தில் இருந்தால் ஆயில் தானாக இஞ்சினுக்கு இறங்கிவிடும். "பின்னாடி தாழ்வா இருந்தா ஆயில் எப்படிண்ணே மேலே ஏறும்?" என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இஞ்சின் கதை?" என்று அண்ணன் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. "புள்ள சரியாத்தானே கேக்குது? அதுக்குத் தனியா பம்ப் வேணும். பம்ப் நின்னா டர்போ போச்சு" என்றார்.

நம் ஊர்த் தரைப்பாலத்தில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் ஓடும். காற்று இழுக்கும் வாய் கீழே இருந்தால் தண்ணீரும் சேர்ந்துதான் உள்ளே போகும். கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆகவே நம் ஊருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. மாமாவும் மாட்டித் தரவில்லை. பிரேக்கும் டயரும் மாற்றச் சொன்னார். அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் மறுவாரம் டயர் மாற்ற வந்தார்.

தோழிகளே, யாராவது சிரிப்பார்களோ என்று கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். கேளுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி