கல்பாசிக்கு ஒரு ஆடிட்!

போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்காக, புதுவாயல் கடைத்தெருவின் லாரிப் புகையில் நின்று ஒரு பாக்கெட் கல்பாசி வாங்கி வந்தேன். முறத்தில் கொட்டிப் பார்த்த மனைவி, ''என்னங்க, இதுல ரெண்டு மூணு தினுசு கலந்திருக்கே?'' என்றாள்.

''எல்லாம் ஒண்ணுதாம்மா!'' என்றேன், பி.காம். படித்த தைரியத்தில். பிறகு விசாரித்ததில், வழக்கம்போல் அவள் சொன்னதுதான் சரி. கடையில் விற்கும் கல்பாசியில் பல இனங்கள் கலந்தே வருமாம்.

முதலில், கல்பாசி வெறும் பாசியே இல்லை சார்! 'லைக்கன்' வகை. ஒரு பூஞ்சையும் பாசியும் நடத்துகிற கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும். பாசி வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போடும். ஆனால், விஞ்ஞானப் பெயர் மட்டும் பூஞ்சைக்கு! எங்கள் வீட்டிலும் சமைப்பது அவள். வாசல் பலகையில் என் பெயர்.

1867-ல் ஸ்விட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் இந்தக் குடித்தன ரகசியத்தைச் சொன்னபோது பெரிய பெரிய நிபுணர்களே கேலி செய்தார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் நிறம், வடிவம், மருந்துச் சொட்டு விட்டால் மாறும் கலர் இவற்றை வைத்துத்தான் இனம் பிரித்தார்கள். அதாவது, முகஜாடை பார்த்து சொந்தம் கொண்டாடுவது!

டி.என்.ஏ. வந்தது, குட்டு உடைந்தது. பூஞ்சையின் டி.என்.ஏ.வை மட்டும் நகலெடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். பாசியோடு குடித்தனம் நடத்தும் பழக்கம் பூஞ்சைகளிடையே குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாகத் தோன்றியது என்று 1995-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஜாடை ஒன்று; பங்காளிகள் இல்லை!

2014-ல் இன்னொரு அதிர்ச்சி. தென் அமெரிக்கப் பக்கத்து 'கோரா' என்ற லைக்கனை வெகுகாலம் ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். ராபர்ட் லூக்கிங் குழுவினர் டி.என்.ஏ. பார்த்தால், 126 இனங்கள்! மொத்தம் 400-க்கு மேல் இருக்கலாமாம். 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் எழுதி மூடிய கணக்கு மாதிரி.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு மலைக்காடு அழிந்தால், ''அடுத்த மலையில் அதேதானே இருக்கு'' என்று இனி சமாதானம் சொல்ல முடியாது. அது வேறாக இருக்கலாம். நம் கல்பாசியையும் யாரும் பயிரிடுவதில்லை. மலைக்காட்டு மரங்களிலிருந்து சுரண்டி எடுப்பதுதான். வளர்வதோ ஆமை வேகம்.

''இதுல எத்தனை இனத்தைச் சாப்பிட்டிருப்போம்?'' என்று தட்டைப் பார்த்தபடி கேட்டேன்.

''கணக்குப் பாக்காம சாப்பிடுங்க!'' என்றாள்.

அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறோம்!