வெயிலில் நின்றால் கறுத்துப் போவாய் என்று சொல்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிடும். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம். பெற்றோரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும், பழைய மாணவர்களும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

ஒவ்வொரு வருஷமும் பயிற்சி தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் ஆசிரியர் அறை வாசலில் சில உம்மாமார் வந்து நிற்பார்கள். கதை ஒன்றுதான். "டீச்சர், மகள விளையாட்டுக்கு எடுக்காதீங்க. வெயிலுக்குள்ள நிண்டு நிண்டு கறுத்துப் பெய்த்தாள்." மகனைப் பற்றி இந்த முறைப்பாட்டோடு வந்த ஒரு உம்மாவையும் நாம் கண்டதில்லை. மகன் பகல் 12 மணிக்குக் கடற்கரை வெட்டையில் பந்தடித்தால், "அவனுக்கென்ன, எங்கட தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது" என்பார்கள். ஒரே வீடு, ஒரே தோல். மகனுக்கு வெயில் ஒன்றும் செய்யாது, மகளுக்கு மட்டும் வாழ்க்கையையே கெடுத்துவிடும்!

இந்த இரண்டு பேச்சும் பிழை. வெயில் நமக்கு மூன்று விதமாக வேலை செய்கிறது. ஒன்று, தோலின் நிறத்தை மாற்றுவது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் தோலுக்கும் கண்ணுக்கும் செய்யும் கெடுதி. மூன்றாவது, உடம்பைச் சூடாக்குவது. ஊரில் எல்லாரும் பயப்படுவது முதலாவதற்கு. ஆளைக் கொல்லக்கூடியது மூன்றாவது.

கறுப்புத் தோல் அல்லாஹ் நமக்குத் தந்த ஒரு குடை. அதில் உள்ள மெலனின் என்ற நிறப்பொருள் ஊதாக் கதிரை வாங்கி, உள்ளே இருக்கும் கலங்களைக் காக்கிறது. நல்ல கறுப்புத் தோலின் இயற்கையான பாதுகாப்பை அளந்து பார்த்தவர்கள் அதை ஏறக்குறைய எஸ்பிஎப் 13 என்றார்கள். வெள்ளைத் தோலுக்கு அது 3 அளவில்தான். அவுஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கும் நம்மிடையே அது அரிதாக இருப்பதற்கும் பெரிய காரணம் இதுதான். வெயிலில் நின்ற பிள்ளையின் முகம் கறுக்கிறது என்றால் தோல் தன் குடையை இன்னும் கொஞ்சம் விரிக்கிறது என்று அர்த்தம். அது நோயுமல்ல, அழுக்குமல்ல. பயிற்சி முடிந்து சில வாரங்களில் தானாகவே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

அப்படியென்றால் கறுப்பானவர்களுக்குக் கவலையே இல்லையா? இருக்கிறது. முதலாவது கண். தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கண்ணுக்குள் அந்தக் குடை இல்லை. கடலுக்குப் போகிறவர்களின் கண்ணில் மூக்குப் பக்கமிருந்து வெள்ளைச் சதை வளர்ந்து வருவதை நம்மூரில் காணாதவர் இல்லை. அதற்கும், கண்ணில் புரை விழுவதற்கும் வெயிலின் ஊதாக் கதிர் ஒரு காரணம். காய்ந்த கடற்கரை மணல் அந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி முகத்துக்கே அனுப்புகிறது. நம் மைதானங்களில் பாதி மணல்தானே.

இரண்டாவது, கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டு. பிள்ளை உண்டான பெண்களுக்கு அதிகம் வரும். வெயில் பட்டால் கூடும். கறுப்பு, மாநிறத் தோல்களில்தான் அது பிடிவாதமாக நிற்கும்.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. கறுப்பானவர்களுக்குத் தோல் புற்றுநோயில் மோசமான வகை வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி போன்ற இடங்களில் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பாடகர் பாப் மார்லி கால் விரல் நகத்தடியில் தொடங்கிய அந்த நோயால்தான் 1981 இல் 36 வயதில் இறந்தார். நகத்தடியிலோ உள்ளங்காலிலோ ஒரு கறுப்புக் கோடு அல்லது புள்ளி பெரிதாகிக்கொண்டு போனால் "நமக்கு அதெல்லாம் வராது" என்று இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இனி சன்கிறீம் விஷயம். இப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், "டீச்சர், எந்த சன்கிறீம் நல்லம்?" கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்கிற பிள்ளை அதைக் கறுக்காமல் இருப்பதற்கான மருந்தாகவே நினைத்துக் கேட்கிறது. எஸ்பிஎப் 30 என்றால் தோலை எரிக்கும் கதிரில் 97 சதவீதத்தையும், 50 என்றால் 98 சதவீதத்தையும் தடுக்கும். 50 க்கும் 30 க்கும் இவ்வளவுதான் வித்தியாசம், விலையில்தான் பெரிய வித்தியாசம். அதுவும் சரியான அளவில் பூசினால்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூச வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்னரே. பட்டாணி அளவு எடுத்துக் காலையில் ஒரு தரம் தடவிவிட்டுப் பின்னேரம் வரை மைதானத்தில் நிற்பதற்கு அது காவலே இல்லை. ஒரு ட்யூப்பின் விலை ஆயிரங்களில் இருக்கும்போது, நாலு பிள்ளைகள் உள்ள கூலித் தொழிலாளியின் வீட்டில் இதை யார் வாங்குவது? வாங்கினாலும் பல கிறீம்கள் நம் தோலில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக நிற்கும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதோடு அது அலுமாரிக்குப் போய்விடும்.

சன்கிறீம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிலருக்கு அது கட்டாயம். பிறவியிலேயே நிறப்பொருள் இல்லாத வெண்தோல் பிள்ளைகள், வெண்படை உள்ளவர்கள், லூபஸ் நோய் உள்ளவர்கள், வெயில் ஒத்துக்கொள்ளாத மருந்து எடுப்பவர்கள், கருந்திட்டுக்கு வைத்தியம் செய்பவர்கள். இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் அது அழகுச் சாமான் அல்ல, மருந்து. மற்றப் பிள்ளைகளுக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மர நிழலும் அதைவிட மலிவு. வியர்வையில் அவை கரைந்தும் போகா.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். உலகத்தில் உள்ள எந்த சன்கிறீமும் சூட்டைத் தடுக்காது. தோலின் நிறமும் தடுக்காது. வெப்பத் தாக்கு கறுப்பு வெள்ளை பார்ப்பதில்லை.

நம் ஊரின் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருஷா வருஷம் அறிவிக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முற்பகுதி வரை அது திரும்பவும் நடக்கும். அந்த நண்பகல்களில் ஊதாக் கதிர்ச் சுட்டி 11 ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 3 இலிருந்தே கவனம் வேண்டும் என்கிறது. இடையில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று மலையிறங்கி வந்து வாயையும் உதட்டையும் காயவைக்கும். மாரி முடிந்து கச்சான் தொடங்குவதற்குள் உள்ள இந்த இடைக்காலத்தில் காற்று அசையாது, ஈரம் மட்டும் நிறைந்திருக்கும். இதுதான் அபாயமான காலம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வெறுமனே வழிந்து போகும், உடம்பு உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை எடுக்கும். ஒரு மாதம் நோன்பு பிடித்து, பகலில் வீட்டுக்குள் இருந்த பிள்ளையை முதல் நாளே 1500 மீற்றர் ஓடவிட்டால் என்ன ஆகும்? முதல் நாள் நடை, அடுத்த நாள் கொஞ்சம் ஓட்டம் என்று ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைக்குத் தலை சுற்றினால், வயிறு பிரட்டினால், நிழலுக்கு எடுத்து உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு ஜீவனியோ தேசிக்காய்த் தண்ணியோ உப்புப் போட்டுக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆளைத் தெரியாமல் உளறினால் அது வேறு. வாயில் ஒன்றும் ஊற்றாமல், உடம்பை நனைத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள். "நடிக்கிறான், எழும்புடா" என்று சொல்லும் நேரமல்ல அது.

இனிச் சொல்லப்போவதற்குச் சிலர் கோபிக்கலாம். கோபித்தாலும் பரவாயில்லை.

மகள் கறுக்கக்கூடாது என்ற பயத்தின் வேர் வெயிலில் இல்லை, கலியாணச் சந்தையில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஓதினாளா, படித்தாளா என்றல்ல. "கலர் எப்படி?" கலர் குறைந்தால் நம் பக்கத்தில் கட்டிக் கொடுக்கும் வீட்டுக்கு மேல் ஒரு மாடியும் ஏறும். பிலால் (ரலி) அவர்களின் பெயரை மகனுக்கு ஆசையாக வைக்கிறார்கள், அந்த மகனுக்கு அவரது நிறத்தில் ஒரு பெண்ணைக் காட்டினால் மூஞ்சியைத் திருப்புகிறார்கள். வெள்ளையருக்குக் கறுப்பரை விட எந்த மேன்மையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் சொன்னதை நாம் ஏழாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள்.

இந்தச் சந்தைக்குப் பயந்துதான் பிள்ளைகளின் பைக்குள் பெயரில்லாத டப்பாக்கள் வருகின்றன. வெளிநாட்டில் இருந்து ராத்தா அனுப்பியது, போனில் ஓடர் பண்ணியது, கடையில் உள்ளே வைத்துக் கொடுத்தது. ஒரு மாதத்தில் வெள்ளையாக்கும் கிறீம்களில் பலவற்றில் பாதரசம் இருப்பது உலகம் முழுதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசியவரின் கையில் இருந்து கைக்குழந்தைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கை இப்படியான கிறீம்களைத் தடுக்கிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. 2023 இல் ஐக்கிய நாடுகள் சூழல் நிகழ்ச்சித்திட்டம் இந்தக் கிறீம்களை ஒழிக்க மூன்று நாடுகளில் ஒரு திட்டம் தொடங்கியது: காபோன், ஜமைக்கா, மூன்றாவது நமது நாடு. நாம் அந்த வரிசையில் இருக்கிறோம் என்பதே போதாதா? 2020 இல் பிரபலமான கிறீம் ஒன்று தன் பெயரில் இருந்த "பெயார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "குளோ" என்று போட்டது. பெயர் மாறியது, வாங்குகிறவர்களின் எண்ணம் அப்படியே இருக்கிறது.

கடையில் பார்க்க ஒரு வழி. டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாமல் இருந்தால் வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் கட்டாயம் வாங்காதீர்கள். பாதரசம் நகையைக் கெடுக்கும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. நகையில் படக்கூடாத சாமானை முகத்தில் பூசுவதா? பாதரசம் இல்லாத சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். வெயிலுக்குப் பயந்து பூசிய பிள்ளைக்கு உண்மையிலேயே வெயில் ஆகாமல் போகும்.

பெண் பிள்ளைகளை முழுதாக வீட்டுக்குள் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. விட்டமின் டி தோலில் ஊறுவதற்கு வெயில் வேண்டும், கறுப்புத் தோலுக்கு அது இன்னும் அதிக நேரம் வேண்டும். இவ்வளவு வெயில் உள்ள தெற்காசியாவில் பெண்களுக்கு அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. நம் பெண்கள் மூடித்தான் வெளியே போவார்கள், அதில் பேச்சில்லை. வீட்டு வளவுக்குள், மதில் மறைவில் கையும் காலும் வெயில் படக் கொஞ்ச நேரம் இருக்க யார் தடை? அதிகாலை வெயிலில் அது மிகக் குறைவாகத்தான் ஊறும், ஒன்பது, ஒன்பதரை மணி வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.

இப்போது விளையாட்டுப் போட்டிக்கு வருகிறோம். வெயில் கடுமையாக இருந்தால் லுஹர் தொழுகையைச் சூடு தணியும் வரை பிற்படுத்தச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழுகைக்கே உள்ள அந்தச் சலுகை அணிநடைக்கு இல்லையா? பின்னேரம் 2 மணிக்கு நிகழ்ச்சி என்று அழைப்பிதழ் அடிப்பார்கள். பிள்ளைகளை 1 மணிக்கே வரிசையில் நிறுத்துவார்கள். பிரதம அதிதி 3 மணிக்கு வருவார். அவருக்குப் பந்தல், மின்விசிறி, குளிர்ந்த இளநீர். பிள்ளைகளுக்கு மணல். அதிதி வந்த பிறகு பேச்சு வேறு.

இந்த வருஷம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டங்கள் காலை 6.30 க்குத் தொடங்கி 9.30 க்குள் முடியட்டும். அணிநடையும் பரிசளிப்பும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. நிழல் நம்மை விடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையும் வெட்டையில் நிற்கக்கூடாது. இதைப் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம், கருவி தேவையில்லை. நாலு இல்லங்களுக்கும் நாலு கிடுகுப் பந்தல் போடப் பழைய மாணவர்கள் முன்வரட்டும். வெற்றிக் கிண்ணத்தின் உயரத்தை ஒரு அடி குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுக்க ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு ஆள். அதிதி பிந்தினால் அவர் இல்லாமலே அணிநடை தொடங்கும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம்.

தொப்பி எந்த நிறத்தில் என்பதை இல்லப் பொறுப்பாசிரியர்கள் பேசி முடிவெடுத்துக்கொள்வோம். குடையோடு வரும் பிள்ளையை வாசலில் யாரும் மறிக்க வேண்டாம். போன வருஷம் 200 மீற்றரில் முதலாவதாக வந்த அந்த மகளின் உம்மாவும் இதை வாசிப்பார் என்று நம்புகிறோம். பயிற்சி இந்த முறை காலையில்தான், அவளை அனுப்பி வையுங்கள்.