அந்நியோந்நியம்

சிவாஜிநகரில் வாழும் அன்பர்கள் ஆகஸ்டு 29-ஆம் நாளை அறிய நாட்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை. தூய மரியன்னை பேராலயத்தில் கொடியேறிய செய்தி தெருவெங்கும் பரவிவிடும். நவநாள் முடிந்து செப்டம்பர் 8-இல் தேர்ப்பவனி நிகழும்போது, காவியுடை தரித்து வருவோரில் கிறிஸ்தவர் யார், பிறர் யார் எனப் பிரித்தறிதல் அரிது.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்ததும் தமிழ்நாட்டிலிருந்து சிப்பாய்களும் தொழிலாளரும் குடிபெயர்ந்தனர். அவர்களிடையே 1818-இல் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு ஒரு சிறு கோவிலை எழுப்பினார். இன்று நாம் காணும் கோபுர ஆலயம் 1882-இல் நிறைவெய்தியது. 1973-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. சீர்திருத்தச் சபைத் தமிழரும் பின்தங்கவில்லை. தூய பவுல் ஆலயம் போன்றவை அவர்களுக்கென எழுந்தன. ஊரில் உற்றாரை விட்டு வந்தவனுக்குப் பிள்ளை பிறந்தாலும் வீட்டில் ஒருவர் இறந்தாலும் ஓடிவர நாலு பேர் வேண்டுமல்லவா? அந்த நாலு பேரைச் சபை அளித்தது. இன்றும் கத்தோலிக்கர் அன்பியம் என்றும், பிறர் வீட்டு ஜெபக்கூட்டம் என்றும் கூடுவது இதன் தொடர்ச்சியே.

விசுவாசிகளின் இந்த உறவைக் குறிக்கப் பழைய தமிழ் வேதாகமம் அப்போஸ்தலர் நடபடிகளில் ஆளும் சொல் ‘அந்நியோந்நியம்’. பிற இடங்களில் ஐக்கியம் என்றும் வரும். எனினும் நமக்கு முன்னதே உவப்பு. பிறன் என்று பொருள்படும் சொல்லை இருமுறை அடுக்கியே நெருக்கத்தை உணர்த்திவிட்டனர்! குடிபெயர்ந்தோர்க்கு இதனினும் பொருத்தமான சொல் கிட்டுமோ?

ஆனால், கூடி அமர்வதாலேயே அந்நியோந்நியம் வந்துவிடுவதில்லை. கொரிந்து சபையில் ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் உண்டு வெறித்ததைப் பவுல் கடிந்துரைக்க நேர்ந்தது. நம் நாட்டுக் கதை இன்னும் கசப்பானது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் இரு கால்களாகப் பிரிந்து நிற்கும். சாதியார் இருபுறமும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கவே அவ்வமைப்பு. கால்சட்டைக் கோவில் என்று ஊரார் அழைத்தது எத்துணைப் பொருத்தம்! 1910-இல் கௌசானல் அடிகளார் இடைச்சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, தனியிடம் கோரியோர் தோற்றனர்.

சபைப் பிரிவுகளின் சுவர் கரைய அதிக காலம் பிடித்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், மேலைநாட்டுப் பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் எனக் கேட்டனர். வெள்ளாளன்விளையில் பிறந்து, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா அவர்களே முன்னின்றார். இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டரும், ஏற்கெனவே இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் ஒரே திருவிருந்தில் பங்குகொண்டனர். அசரியா 1945 புத்தாண்டு நாளன்றே மறைந்துவிட்டார். எல்லாரும் உடனே இணைந்தனர் என்று சொல்வதற்குமில்லை. நந்தியால் பகுதியார் சிலர் வெளியே நின்றனர்.

பெங்களூரிலோ, வழிபாட்டு மொழியை முன்னிட்டுத் தமிழருக்கும் கன்னடருக்கும் இடையே நெடுநாள் மனக்கசப்பு இருந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. தமிழ்ப் பூசைக்குப் போகும் நம் குடும்பங்கள் அண்டை வீட்டுக் கன்னடரின் துக்க வீட்டுக்கும் தவறாமல் போக வேண்டும். இரண்டு கன்னடப் பாட்டுகளையேனும் பிள்ளைகள் கற்கட்டும். இதில் தமிழுக்கு ஒரு குறையும் வாராது.

நாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. பிழைப்புத் தேடி இவ்வாண்டு வந்த ஓர் இளம் தம்பதியர் ஞாயிறு வழிபாடு முடிந்து வாயிலருகே தயங்கி நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நாம் அருகே சென்று பெயர் கேட்கிறோம், ஊரைக் கேட்கிறோம். உடனே, “ஊரில் எந்தத் தெரு?” என்கிறோம். அக்கேள்வி எதைத் துழாவுகிறது என்பது கேட்கும் நமக்கும் தெரியும், நிற்கும் அவர்களுக்கும் தெரியும். அதைக் கேளாமலே அவர்களை அடுத்த கூட்டத்துக்கு நம் வீட்டிற்கு அழைக்க முடியுமா என்பதை, இம்மாதம் அன்பர்கள் தத்தம் இல்லத்தில் பேசிப் பார்க்கக் கோருகிறோம்.