பசுமைப் பட்டாசாம், பசுமை!

போன தீபாவளிக்கு சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கார் டிக்கியில் ஒரு பெட்டி. "மாமா, இது பசுமைப் பட்டாசு. மாசே கிடையாது"ன்னான். பெட்டி மேல பச்சை முத்திரை, க்யூஆர் கோடு எல்லாம் இருந்துச்சு. முதல் வெடி வெடிச்சதும் கொட்டகையில இருந்த சினை மாடு தும்பை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டார்ச் அடிச்சுக் கொல்லை கொல்லையா தேடினோம். மூக்குல ஏறுன கந்தக நெடி மறுநாள் வரைக்கும் போகலை.

பட்டாசே கூடாதுன்னு சொல்ல வரலை. எங்க ஊர் அம்மன் திருவிழாவுல வாணம் விடலைன்னா எனக்கே திருவிழா மாதிரி இருக்காது. என் சண்டை அந்தப் பெயரோடுதான்.

வெடிமருந்துல என்ன இருக்குன்னு நகரத்து ஆட்களைவிட விவசாயிக்கு நல்லாத் தெரியும். பிப்ரவரி வந்தும் பூக்காத மாமரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து அடிக்கிறோமே, அதுதான் வெடியுப்பு. அந்தக் காலத்துல மாட்டுக் கொட்டகை மண்ணைக் கரைச்சுக் காய்ச்சி எடுத்தாங்க. மாட்டு மூத்திரத்துல இருக்கிற தழைச்சத்தை மண்ணுல இருக்கிற பாக்டீரியா நைட்ரேட்டா மாத்திடும். கருமருந்துல முக்கால் பங்கு இந்த உப்பு; மிச்சம் கரியும் கந்தகமும். கரி எரியும். கந்தகம் சீக்கிரம் தீப்பிடிக்க வைக்கும். எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜனை உப்பே கொடுத்துடும், வெளிக்காத்து தேவையில்லை. திறந்து வெச்சுக் கொளுத்தினா புஸ்ஸுன்னு போயிடும். காகிதத்தை இறுக்கிச் சுத்தினா உள்ளே சேர்ற வாயு வெடிக்கும். குழாயில ஒரு பக்கம் திறந்துவிட்டா ராக்கெட். அந்தக் குழாயை இரும்புல செஞ்ச மைசூர்க்காரங்க 1780ல காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூர்ல கும்பெனிப் படையை என்ன பாடு படுத்தினாங்கன்னு சரித்திரத்துலயே இருக்கு.

கருமருந்து எரிஞ்சா எடையில பாதிக்கு மேல வாயுவா மாறாது, பொடிப்பொடியான திடத்துகளாத்தான் நிக்கும். நாம பார்க்கிற புகை அதுதான். இதுல பசுமை எங்கே வரும்? 2018 தீர்ப்புல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செஞ்சது, சரவெடியையும் தடை செஞ்சது. நீரி நிறுவனம் மாற்றுக் கலவை கொடுத்துச்சு. தூசு 30 சதவீதம் போல குறையும்னு அவங்களே சொல்றாங்க. குறைஞ்சது நல்லதுதான், மறுக்கலை. மீதி 70? இன்னொரு வேடிக்கை: வானத்துல பச்சை நிறம் காட்டுறதே பேரியம்தான். அந்தப் பச்சையை எடுத்துட்டு வெச்ச பேர் பசுமை!

இந்தப் பேரால யாருக்கு லாபம்? வாங்குறவன் மனசாட்சிக்கு. சிவகாசிப் பக்கம் மருந்து கலக்குற அறையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அலுமினியப் பொடி அங்கேயும் அதே பொடிதான். உராய்வுக்கும், உடம்புல ஏறுற நிலைமின்சாரத்துக்கும், வெயிலுக்கும் பசுமை முத்திரை தெரியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில 30-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. உதவப் போனவங்க, பார்க்கப் போனவங்களும் அதுல உண்டு. அதுக்கப்புறமும் வெடிவிபத்துச் செய்தி வராத வருஷம் இல்லை. பீஸ் கணக்குக் கூலி, தீபாவளிக்கு முன்னால அவசரம். அவசரப்படுத்துறது யார்? "போன வருஷத்தைவிட விலை ஏறிடுச்சே"ன்னு பேரம் பேசுற நாமதான்.

பேரை மாத்தி ஏமாத்துறது எங்க ஜில்லாவுக்குப் புதுசில்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் கழிவால பாலாறு கெட்ட வழக்குலதான், 1996ல, மாசு செஞ்சவனே செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. சுத்திகரிப்பு நிலையம்னு போர்டும் வந்துச்சு. ஆத்தோரத்துக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க.

அதே விதியைப் பட்டாசுக்கும் வைங்க. மருந்து கலக்குறவங்களுக்கு மாசச் சம்பளம், அறைக்கு இத்தனை பேர்தான்னு சட்டத்துல இருக்கிற கணக்கை மீறாத வேலை, அதுக்கான விலை. பெட்டி ரெண்டு மடங்கு ஆகும். ஆகட்டும், பாதி வாங்குங்க. புகையும் தானா பாதியாகும். அதுக்கு எந்த முத்திரையும் வேண்டாம்.

அக்கா மகன்கிட்ட இதைச் சொன்னேன். "மாமா, நீங்க நெகடிவ்வா பேசுறீங்க"ன்னான். மாடு கிடேரிக் கன்னு போட்டிருக்கு. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டா இன்னும் கொட்டகை மூலையிலதான் போய் ஒண்டுது.