'இயன்றவரை' என்ற சொல்லும் தினம் ஒரு மாத்திரையும்

புதுதில்லி: எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டு மசோதா 2017 மார்ச் 21-ம் தேதி மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தபோது, கட்சி வேறுபாடின்றி அதற்கு வரவேற்பு கிடைத்தது. சர்ச்சைக்குள்ளானது 14-வது பிரிவில் இருந்த ஒரு சொல் மட்டுமே. பரிசோதனை வசதியையும் கூட்டு மருந்து சிகிச்சையையும் மத்திய, மாநில அரசுகள் 'இயன்றவரை' வழங்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அச்சொல்லை நீக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வலியுறுத்தினர். சிகிச்சை அளிப்பதில் அரசு உறுதியாக இருப்பதாக அப்போதைய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா விளக்கமளித்தார். ஆனால் சொல் நீங்கவில்லை. ஏப்ரல் 11-ல் மக்களவையிலும் நிறைவேறிய சட்டம், 2018 செப்டம்பர் 10-ம் தேதி அமலுக்கு வந்தது.

செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அன்று இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். மருந்து உட்கொள்பவரின் உடலில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு.

2004 ஏப்ரல் 1-ம் தேதி தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, சிகிச்சை எளிதாக இருக்கவில்லை. நெவிரபின் மருந்தை முதல் 14 நாள்களுக்குப் பாதி அளவில் தொடங்கியே உயர்த்த வேண்டும். இல்லையேல் தோலிலும் கல்லீரலிலும் பாதிப்பு நேரக்கூடும். ஜிடோவுடின் ரத்தச் சோகையைத் தந்தது. ஸ்டாவுடின் கால் எரிச்சலையும், கன்னம் ஒட்டி முகமே மாறிப்போகும் நிலையையும் உண்டாக்கியது. முகத்தைப் பார்த்தே அக்கம்பக்கத்தார் நோயை ஊகித்துவிடுவர் என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு.

இன்று பெரும்பாலானோர் பெறுவது டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. தினம் ஒன்று போதும். எனினும் கவனிக்க வேண்டியவை பல. ஜெலுசில் போன்ற அமில நீக்கிகளைச் சேர்த்து உட்கொண்டால் டொலுடெக்ராவிர் குடலில் சரிவர உறிஞ்சப்படாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் இம்மாத்திரையை உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுடன் உட்கொண்டாலும் இதே சிக்கல்தான். காசநோய்க்கு ரிபாம்பிசின் உட்கொள்வோருக்கு 12 மணி நேர இடைவெளியில் டொலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவை. நீரிழிவுக்கான மெட்பார்மின் அளவையும் மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கலாம். டெனோபோவிர் காரணமாகச் சிறுநீரகப் பரிசோதனை அவ்வப்போது அவசியமாகிறது. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

இவை அனைத்தும் நோயாளியின் கையில் உள்ளவை. மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது மட்டும் முழுவதும் அவர் கையில் இல்லை. மருந்து இடைநின்றால் வைரஸ் மீண்டும் பெருகும். முந்தைய எபாவிரென்ஸ் கலந்த மாத்திரையில் ஆபத்து இன்னும் அதிகம். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும், மற்றவை விரைவில் வெளியேற, எபாவிரென்ஸ் மட்டும் பல நாள்கள் ரத்தத்தில் தங்கி, வைரஸுக்கு எதிர்ப்புத் திறனைக் கற்றுக்கொடுத்துவிடும். டொலுடெக்ராவிர் இவ்வகையில் வலுவானது. ஆயினும் ஹெபடைடிஸ்-பி தொற்றும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.

மைசூரின் பதில்: ஏழைகள் ஒழுங்காக மருந்து உட்கொள்ள மாட்டார்கள் என்ற வாதம் பழையது. ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் பழக்கமில்லை என்று 2001-ல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ் கூறிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். அந்த வாதத்துக்குக் கர்நாடகத்தின் மைசூரில் பதில் உள்ளது. அங்கு பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்பு அசோதயா சமிதி. தொற்று இல்லாதவர்கள் தற்காப்புக்காகத் தினம் ஒரு டெனோபோவிர்-எம்ட்ரிசிடபின் மாத்திரை உட்கொள்ளும் முன்னோடித் திட்டம், 2010-களின் பிற்பாதியில் இச்சமிதி வாயிலாக மைசூர், மண்டியா பகுதிகளில் நடைபெற்றது.

அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்தனர். சேரும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம், தொற்று இருப்பதை அறியாமல் இவ்விரு மருந்துகளை மட்டும் உட்கொண்டால் வைரஸ் எதிர்ப்புத் திறன் பெறும். தொடக்கத்தில் தோன்றும் குமட்டல் குறித்து முன்கூட்டியே சொல்லி, இடையிடையே விசாரித்து வந்தவர்கள் அவர்களைப் போன்ற சக பெண்கள். இரவு நேரத் தொழில், வீட்டாருக்குத் தெரியாமல் மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி என மருந்தைத் தவறவிடக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மிகப் பெரும்பாலோர் தவறாமல் உட்கொண்டதாகத் தெரிவித்தனர். ஒரு பகுதியினரின் ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்ததிலும் அது உறுதியானது. திட்டக் காலத்தில் எவருக்கும் புதிதாகத் தொற்று ஏற்படவில்லை. ஆக, மாத்திரையைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஆளும் இருந்தால் மக்கள் உட்கொள்கின்றனர்.

ஜன்பத்தில் 42 நாள்: கையில் மாத்திரை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைத் தலைநகரம் 2022-ல் கண்டது. ஜன்பத் சாலையில் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில், எச்.ஐ.வி. பாதித்தோர் ஜூலை 21 முதல் 42 நாள்கள் தொடர் போராட்டம் நடத்தினர். டொலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகளுக்குப் பல மாநிலங்களில் தட்டுப்பாடு என்பதும், ஒரு மாத மருந்துக்குப் பதிலாகச் சில நாள்களுக்கு மட்டுமே தந்து அனுப்புகின்றனர் என்பதும் அவர்களது புகார். தேசிய அளவில் போதிய இருப்பு உள்ளது, ஓரிடத்தில் குறைந்தால் பிற இடத்திலிருந்து மாற்றி அனுப்பப்படுகிறது என்றது அரசு. விவகாரம் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

இரு தரப்பும் கூறியது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கிடங்கில் உள்ள கோடிக்கணக்கான மாத்திரைகளால், தினக்கூலியை இழந்து பேருந்தேறி ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்து, பத்து நாள் மருந்துடன் திரும்புபவருக்குப் பயனில்லை. பத்தாம் நாள் மற்றொரு கூலியை இழக்க முடியாதவர் மருந்தை இடையில் விட்டவராகவே பதிவேட்டில் ஏறுவார், குறை அவருடையதாகிவிடும். நீதிமன்றத்தில் இதைக் கேள்வி கேட்க முற்படும்போதுதான் 14-வது பிரிவின் 'இயன்றவரை' குறுக்கே நிற்கிறது.

நாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது அரசின் மதிப்பீடு. தொற்று உறுதியானதும் அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை, சட்டம் நிறைவேறிய அதே 2017 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் இதுபற்றி எழுப்பப்படும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் மாநிலவாரி நோயாளிகள் எண்ணிக்கையும் நிதி ஒதுக்கீடுமே பதிலாக வருகின்றன. கேட்கப்பட வேண்டிய விவரம் வேறு: ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆண்டில் எத்தனை நாள்கள் ஒரு மாதத்துக்குக் குறைவான மருந்து வழங்கப்பட்டது என்பதே அது.